தொடாமல் அறியும் கோணம்

பழைய வானொலிப் பெட்டியோடு வாழ்ந்தவர்களுக்கு ஒரு சங்கதி நினைவிருக்கும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகுகிற குமிழ், நாலைந்து வருஷம் உழைத்த பிறகு, கை வைத்தாலே கரகரவென்று இரையத் தொடங்கும். கச்சேரியின் நடுவே அந்த இரைச்சல் புகுந்து ரசிகரின் பொறுமையைச் சோதிக்கும். உள்ளே கரித்தடம் ஒன்று வில்லாக வளைந்திருக்க, அதன்மேல் உலோக நாக்கு ஒன்று உராய்ந்துகொண்டே நகர்வதும், உராய்வினால் கரி தேய்ந்து பொடியாகி நாக்குக்கும் தடத்துக்கும் இடையே புகுவதுமே அதற்குக் காரணம். வானொலியில் இது வெறும் தொந்தரவு. ஆனால் இதே கரித்தடமும் இதே நாக்கும், ஒரு மோட்டார் காரின் ஆக்ஸிலரேட்டர் மிதி எத்தனை பாகை அமிழ்ந்திருக்கிறது என்று யந்திரத்துக்குச் சொல்லும் பொறுப்பில் வைக்கப்படும்போது, அந்தக் கரகரப்பு பொய்ச்சாட்சியாக மாறிவிடுகிறது. மிதித்தவர் ஒன்றை நினைக்க, யந்திரம் வேறொன்றைக் கேட்டுக்கொள்கிறது.

சுழலும் பொருளின் கோணத்தை அதைத் தொடாமலே அறிய வேண்டும் என்ற தேவை இப்படித்தான் எழுந்தது. தொடாத அளவைக்கு வழிகள் பல உண்டு. கோடுகள் கீறிய கண்ணாடித் தட்டின் ஊடே ஒளியைச் செலுத்தி எண்ணுவது ஒன்று. துல்லியத்தில் அதற்கு நிகர் குறைவு, ஆனால் தூசிக்கும் எண்ணெய்க்கும் அது ஆற்றாது. செப்புச் சுருள்களைத் தண்டிலும் கூட்டிலும் வைத்து, மாறுமின்சாரத்தின் தூண்டலால் கோணம் அறியும் ரிஸால்வர் மற்றொன்று. முரட்டுத்தனமான சூழ்நிலைகளைத் தாங்கும், ஆயினும் கனமும் விலையும் அதிகம். 1879-ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டு காந்தப்புலத்தின் வலிமையை அளந்து, அதிலிருந்து கோணத்தை ஊகிப்பது இன்னொன்று. இவை யாவும் இன்றும் வழக்கில் உள்ளவை. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது நாலாவதான ஒரு குடும்பத்தை: காந்தம் காட்டும் திசைக்கேற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் மென்படலங்களை. தண்டின் நுனியில் ஒரு சிறு காந்தம். அதற்கு எதிரே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒரு சில்லு. இரண்டுக்கும் நடுவே காற்று. இவ்வளவே இச்சாதனத்தின் வெளித்தோற்றம்.

இதன் ஆதி வரலாறு 19-ஆம் நூற்றாண்டின் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் தொடங்குகிறது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்த வில்லியம் தாம்ஸன், இரும்பையும் நிக்கலையும் காந்தமாக்கி அவற்றினூடே மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தபோது, மின்சாரம் காந்தமாக்கப்பட்ட திசையிலேயே ஓடினால் தடை சற்றுக் கூடுவதையும், அத்திசைக்குக் குறுக்கே ஓடினால் சற்றுக் குறைவதையும் கண்டு, 1857-ல் அதை வெளியிட்டார். உலோகத்தின் மின்தடை என்பது எத்திசையில் அளந்தாலும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணியிருந்த காலத்தில், காந்தம் அதற்கு ஒரு திசையைக் கற்பித்துவிடுகிறது என்பது விந்தையான செய்திதான். ஆனால் மாற்றமோ மிகச் சொற்பம். அத்லாந்திக் சமுத்திரத்தின் அடியில் போட்ட தந்திக் கம்பியின் மறுமுனையில் வந்து சேரும் நலிந்த மின்சாரத்தையும் கண்டுகொள்ளும் கருவியைச் செய்த கைக்கே இது புலப்பட்டது என்பதில் ஆச்சரியம் இல்லை. கப்பல்களின் திசைகாட்டியைத் திருத்தியமைத்தவரும் அவரே. நிலையாக நிற்கும் காந்த ஊசிக்குக் கீழே கப்பல் திரும்புவது திசைகாட்டி. நிலையாக நிற்கும் சில்லுக்கு மேலே காந்தம் திரும்புவது நம் கோண உணரி. ஒன்று மற்றொன்றின் தலைகீழ் வடிவம் என்பதைத் தாம்ஸன் இருந்து கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கண்டறிந்த விளைவு நூறாண்டுக்கு மேல் பாடப் புத்தகத்தில் ஒரு குறிப்பாகவே கிடந்தது. அதற்கு உயிர் கொடுத்த உலோகம் வேறொரு தேவைக்காகப் பிறந்தது. சமுத்திரத் தந்திக் கம்பிகளில் செய்தி விரைந்து செல்ல வேண்டும் என்பதற்காக, மிக நலிந்த புலத்திலும் எளிதில் காந்தமாகும் கலவையொன்றைத் தேடிய குஸ்தாவ் எல்மென் என்பவர், நிக்கல் ஐந்தில் நாலு பங்கும் இரும்பு ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்த பர்மலாயை உருவாக்கினார். 1924-ல் நியூயார்க்குக்கும் அஸோர்ஸ் தீவுகளுக்கும் இடையே போட்ட கம்பியைச் சுற்றி அது நாடாவாகச் சுற்றப்பட்டது. இந்த விகிதத்தில் ஒரு பாக்கியமும் கூடியிருக்கிறது. காந்தமாகும் உலோகங்கள் பலவும் காந்தமாகும்போது சற்றே நீளவோ குறுகவோ செய்யும். அதனால் அவற்றை அழுத்தினாலும் இழுத்தாலும் காந்த குணம் மாறிவிடும். நிக்கல் 81 பங்கும் இரும்பு 19 பங்கும் சேரும் இடத்தில் அந்தக் குணம் ஏறக்குறைய அற்றுப்போகிறது. சில்லை அச்சில் வார்க்கும்போதும் சூடேறும்போதும் எழும் நெரிசல் அளவையைக் கெடுப்பதில்லை. தந்திக் கம்பிக்காகத் தேடிய பொருள் உணரிக்கென்றே அளவெடுத்ததுபோல் அமைந்துவிட்டது.

இனி அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த கனத்தில், அதாவது சில பத்து நானோமீட்டர் கனத்தில், பர்மலாய்ப் படலத்தைச் சிலிக்கான்மேல் படியவைத்து, அதை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, அவற்றில் மின்சாரத்தை ஓட விடுகிறார்கள். மேலே உள்ள காந்தத்தின் புலம் வலுவாக இருக்குமாயின், படலத்தின் உள்ளே இருக்கும் காந்தத்தன்மை முழுவதும் அந்தப் புலத்தின் திசைக்கே திரும்பி நின்றுவிடும். காந்தம் சுழலச் சுழல அதுவும் கூடவே சுழலும். மின்சாரம் ஓடும் திசைக்கும் இந்தத் திசைக்கும் இடையேயுள்ள கோணத்தின் கோஸைனை வர்க்கப்படுத்தினால் எப்படி ஏறி இறங்குமோ அப்படியே தடையும் ஏறி இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான்.

இவ்வளவு சிறிய மாற்றத்தை நேரே அளக்க முயன்றால், உஷ்ணம் ஏறியதால் வந்த மாற்றம் எது, கோணத்தால் வந்த மாற்றம் எது என்று பிரித்தறிய முடியாமற் போய்விடும். ஆகையால் நாலு கீற்றுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து ஒரு பாலமாக இணைக்கிறார்கள். வீட்ஸ்டன் பாலம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கும் அதே பாலந்தான். அதை 1833-ல் முதலில் விவரித்தவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. பத்தாண்டு கழித்து அதை உலகறியச் செய்த வீட்ஸ்டன், அதன் மூலவர் கிறிஸ்டியே என்று தாமே சொல்லியும், பெயர் அவரையே ஒட்டிக்கொண்டது. பாலத்தின் இரு கீற்றுகளில் தடை கூடும்போது மற்ற இரண்டில் குறைகிறது. உஷ்ணமோ நாலையும் சமமாகவே பாதிக்கிறது. ஆகவே உஷ்ணம் அடிபட்டுக் கோணம் மட்டும் மிஞ்சுகிறது. பாலத்துக்கு 5 வோல்ட் கொடுத்து, படலத்தின் மாற்றம் நூற்றுக்கு 2.5 என்று வைத்துக்கொண்டால், வெளிவரும் அலையின் உச்சம் 62.5 மில்லிவோல்ட். பத்தில் ஒரு பாகைத் திருப்பம் அதில் எழுப்பும் மாற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு மில்லிவோல்ட். சிறியதுதான், ஆனால் இன்றைய பெருக்கிகளுக்கு எட்டாததன்று.

ஒரு பாலம் போதாது. அலையின் உச்சிக்கு அருகே காந்தம் சிறிது திரும்பினாலும் மின்னழுத்தம் அசையாமல் நிற்கும். மேலும் ஒரே மின்னழுத்தம் இரண்டு வெவ்வேறு கோணங்களில் வரும். எனவே முதற் பாலத்துக்கு 45 பாகை சாய்ந்த இரண்டாம் பாலம் ஒன்றும் அதே சில்லில் அமைகிறது. ஒன்று கோஸைன் அலையாகவும் மற்றொன்று ஸைன் அலையாகவும் வெளிவர, ஒன்றை ஒன்றால் வகுத்து, அந்த ஈவு எந்தக் கோணத்தின் டான்ஜென்ட் என்று கண்டு, அதைப் பாதியாக்கினால் காந்தத்தின் கோணம் கிடைத்துவிடும். இந்த வகுத்தலில் ஒரு சூட்சுமம் உண்டு. சூடேறினால் இரு அலைகளின் உயரமும் குறையும். மின்கலம் நலிந்தாலும் குறையும். ஆனால் இரண்டும் ஒரே விகிதத்தில் குறைவதால் ஈவு மாறுவதில்லை. கோணத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கையும் சில்லுக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். பெருக்கலும் வகுத்தலும் இல்லாமல், எண்களை இடம் நகர்த்துவதும் கூட்டுவதுமாகவே ஸைனையும் டான்ஜென்டையும் கணிக்கும் கார்டிக் முறையை 1959-ல் ஜாக் வோல்டர் வெளியிட்டார்; பி-58 என்ற போர் விமானத்தின் வழிகாட்டும் கணிப்பொறிக்காக அவர் வகுத்த உபாயம் அது. இன்று ஒரு நெல்மணியிலும் சிறிய சில்லுக்குள் அதே உபாயம் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை நடக்கிறது.

இந்தச் சாதனத்தின் தத்துவம் முழுவதும் அடங்கிய இடத்துக்கு இப்போது வந்திருக்கிறோம். சற்று நின்று பார்க்க வேண்டும். படலம் முழுவதும் ஒரே திசையில் காந்தமாகி நிறைவுற்ற பிறகு, வெளிப்புலம் இருமடங்கானாலும் தடையில் மாற்றம் ஏதும் நேராது. திசை மாறினால் மட்டுமே மாறும். அதாவது இவ்வுணரி காந்தத்தினிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: "எந்தப் பக்கம் பார்க்கிறாய்?" எவ்வளவு பலசாலி என்று அது கேட்பதே இல்லை. காந்தம் சூட்டில் பலம் குன்றினாலும், வருஷங்கள் கழிந்து முதுமையடைந்தாலும், தாங்கி தேய்ந்து தண்டு அரை மில்லிமீட்டர் விலகியோ நெருங்கியோ போனாலும், விடை மாறுவதில்லை. புலத்தின் வலிமையை அளக்கும் ஹால் தகடுகளும் இரண்டு அளவுகளை வகுத்து இதே பலனை ஓரளவு அடையலாம். ஆயினும் அவற்றின் அலைகள் புலத்தோடு சேர்ந்து சிறுத்துப்போகும்போது இரைச்சலும் பூஜ்யப் பிசகும் தலைதூக்கும். நிறைவுற்ற படலத்துக்கு அந்தக் கவலை இல்லை. வலிமை என்ற விஷயத்தில் குருடாக இருப்பதே அதன் பெரும் பலம் என்பது என் அபிப்பிராயம். இனி வரும் நிறைகளிலும் குறைகளிலும் பல இந்த ஒன்றிலிருந்தே பிறப்பவை.

குறைகளில் முதலாவது, வடதுருவத்தையும் தென்துருவத்தையும் அது பிரித்தறியாது என்பது. கோஸைனை வர்க்கப்படுத்தும்போது கூட்டல் கழித்தல் குறிகள் அழிந்துவிடுவதால், காந்தம் 180 பாகை திரும்பியதும் அலை தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும், எஞ்சினின் காற்று வால்வுக்கும் இது போதும். அவை 90 பாகைக்கு மேல் திரும்புவதே இல்லை. முழுச் சுற்றும் அறிய வேண்டிய இடத்தில், பக்கத்திலேயே ஒரு ஹால் தகட்டை வைத்து, "வடக்கா தெற்கா" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அதனிடம் பதில் பெற்றுக்கொள்கிறார்கள். நுட்பமானவனுக்குத் துணையாக முரடன் ஒருவன். கூட்டு நன்றாகவே நடக்கிறது.

இந்தக் குறையை வேரோடு களைந்தது 1988-ல் கண்ட மற்றொரு விளைவு. பிரான்ஸில் ஓர்ஸே நகரத்து ஆல்பெர் ஃபெர் குழுவினரும், ஜெர்மனியில் யூலிக் ஆராய்ச்சி நிலையத்துப் பீட்டர் க்ரூன்பெர்க் குழுவினரும், ஒருவரை அறியாமல் ஒருவர், இரும்பையும் குரோமியத்தையும் சில நானோமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக மாறி மாறிப் படியவைத்து ஆராய்ந்தார்கள். அடுத்தடுத்த இரும்பு அடுக்குகள் எதிரெதிர்த் திசையில் காந்தமாக நின்றால் தடை மிகுவதும், ஒரே திசைக்கு வந்தால் தடை விழுவதும் அவர்களுக்குத் தெரிந்தது. எலெக்ட்ரானுக்கு மின்னூட்டத்தோடு ஸ்பின் என்ற ஒரு சிறு காந்த குணமும் உண்டு. தன் ஸ்பினுக்கு இசைந்த அடுக்கை அது எளிதில் கடக்கிறது, இசையாத அடுக்கில் இடறுகிறது என்பதே இதன் விளக்கம். ஃபெரின் பரிசோதனையில் தடை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதற்குத் திரவ ஹீலியத்தின் குளிரும் 2 டெஸ்லா அளவுக்குப் பெரும் புலமும் தேவைப்பட்டன. இருவருக்கும் 2007-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நிலையில் அது ஓர் அரிய காட்சியே தவிர, கருவியன்று. கருவியாக்கியது, ஐ.பி.எம். ஆராய்ச்சிசாலையில் 1991-ல் உருவான ஸ்பின் வால்வு. இரண்டே காந்த அடுக்குகள், இடையில் செம்பு. ஒன்று வெளிப்புலம் திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும் சுதந்திரமுடையது, மற்றொன்று அசையாதது. அதை அசையாமல் பிடித்துவைக்க, மைக்கில்ஜானும் பீனும் 1956-ல் கண்ட ஒரு பிணைப்பு உதவியது. உள்ளே அணுக்காந்தங்கள் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்து நிற்கும் பொருளோடு ஒட்டிப் படிந்த காந்தப் படலம், வெளிப்புலத்துக்கு வளைந்துகொடுக்காமல் ஒரே திசையைப் பற்றிக்கொண்டு நிற்கும் என்பதே அது. அசையாத அடுக்கு மேற்கோள் கோடாக, அசையும் அடுக்கு முள்ளாக, இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கோஸைனைத் தடை அப்படியே பின்பற்றுகிறது. வர்க்கம் ஒழிந்ததால் குறி பிழைத்தது. 360 பாகையும் ஐயமின்றி அறியலாயிற்று. இந்த ஸ்பின் வால்வு முதலில் பெயர் பெற்றது, 1997 முதல் கணிப்பொறிகளின் வன்தட்டைப் படிக்கும் தலைகளில்தான். கோண உணரிக்கு அது பிற்பாடு வந்து சேர்ந்தது. வன்தட்டு வியாபாரம் செலவழித்த பணமில்லாவிட்டால் இந்தப் படலங்களைச் செய்யும் தொழில் இவ்வளவு மலிந்திருக்குமா என்பது சந்தேகமே.

பாலம் கட்டுவதுதான் இங்கே கொஞ்சம் கடினம். பர்மலாய்க் கீற்றைத் திசை மாற்ற அதைத் திருப்பி வெட்டினால் போதும். ஸ்பின் வால்வில் அசையாத அடுக்கின் திசையையே நாலு விதமாகப் பதிக்க வேண்டும். சில்லின் ஒவ்வொரு மூலையையும் லேஸர் கதிரால் தனித்தனியே சுட்டு, பிணைப்பு தளரும் உஷ்ணத்துக்கு ஏற்றி, வேண்டிய திசையில் புலத்தை வைத்துக் குளிரவிடுவது இதற்கு ஓர் உபாயம். அப்படிப் பதித்த திசை அத்தனையும் நூற்றுக்கு நூறு சரியாக அமைவதில்லை என்பதையும், வெளிப்புலம் அளவுமீறினால் அசையாத அடுக்கே அசைந்து போகும் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. பர்மலாய்க்கு அதிக புலம் அதிக நன்மை. ஸ்பின் வால்வுக்குக் கீழ் எல்லையும் உண்டு, மேல் எல்லையும் உண்டு.

மூன்றாம் தலைமுறையில் இடையிலுள்ள செம்பு போய், மின்சாரமே கடத்தாத ஒரு படலம் வந்தது. தடுப்புச் சுவர் ஒரு நானோமீட்டர் கனமே உள்ளதாயின் எலெக்ட்ரான்கள் அதைச் சுரங்கம் போலத் துளைத்துக்கொண்டு செல்லும்; சுரங்கத் தடுப்பு என்று இதற்குப் பெயர். எத்தனை எலெக்ட்ரான்கள் செல்கின்றன என்பது இருபுறத்துக் காந்தத் திசைகளைப் பொறுத்தது. 1975-ல் பிரான்ஸில் ஜூலியேர் கடுங்குளிரில் இதைக் கண்டார். 1995-ல், இந்திய வம்சாவளியினரான ஜெகதீஷ் மூடேரா அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும், மியாஸாகி ஜப்பானின் தோஹொகு சர்வகலாசாலையிலும், அலுமினிய ஆக்ஸைடைச் சுவராக வைத்துச் சாதாரண அறை உஷ்ணத்திலேயே நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட மாற்றத்தைக் காட்டினார்கள். 2004-ல் பார்க்கினும் யுவாஸாவும் மக்னீஸிய ஆக்ஸைடைச் சுவராக்கியபோது அது நூற்றுக்கு இருநூறு என்ற அளவை எட்டியது. பர்மலாயின் இரண்டு மூன்றோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் அறிவாளர் உற்சாகம் விளங்கும். பெருக்கியே தேவைப்படாத அளவுக்குப் பெரிய சமிக்ஞை. தடை அதிகமாதலால் மின்சாரச் செலவும் குறைவு. சிறிய மின்கலத்தில் பல வருஷம் ஓட வேண்டிய தண்ணீர் மீட்டர் போன்ற கருவிகளுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் சமிக்ஞை பெரிதாயிருப்பது வேறு, கோணம் சரியாயிருப்பது வேறு. விளம்பரங்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். சுரங்கத் தடுப்பில் கோஸைனைப் பின்பற்றுவது கடத்துதிறன். தடையோ அதன் தலைகீழ். மாற்றம் சிறிதாயிருந்தால் இந்த வேற்றுமை தெரியாது. பெரிதாகப் பெரிதாக அலையின் உருவம் கோணலாகும். தவிர, மெதுவான மாற்றங்களில் இப்படலங்களின் சுய இரைச்சல் பர்மலாயினதை விட அதிகம். தாம்ஸன் கண்ட எளிய விளைவு 165 ஆண்டுகளுக்குப் பின்னும் சந்தையை விட்டுப் போகாமல், துல்லியம் பெரிதென்று எண்ணுகிறவர்களின் மதிப்பைப் பெற்றிருப்பது இதனாலேயே.

பிழைகளின் கணக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்துறையில் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. இரு அலைகளில் ஒன்று பூஜ்யத்திலிருந்து தன் உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு விலகி நின்றால், கணக்கில் வரும் கோணத்தில் 0.57 பாகைப் பிழை உண்டாகும். பர்மலாய் உணரியில் கடைசியில் பாதியாக்குவதால் தண்டின் கோணத்தில் அது 0.29 பாகையாகும். விலகலே இல்லாமல் இரு அலைகளின் உயரம் மட்டும் நூற்றில் ஒரு பங்கு வேறுபட்டால், பிழை அதிலும் பாதி. அலைகள் சுத்தமான ஸைன் வடிவிலிருந்து பிசகினால் வேறு வகைப் பிழைகள் தோன்றும். கீற்றுகள் எல்லாவற்றையும் ஒரே திசையில் வெட்டாமல், சிலவற்றைச் சில பாகை சாய்த்து வெட்டி, ஒன்றின் பிசகு மற்றொன்றின் பிசகை அடிக்கும்படி செய்யும் தந்திரம் இதற்கு உண்டு. இவையெல்லாம் தொழிற்சாலையில் ஒருமுறை சுழற்றிப் பார்த்து எண்களால் திருத்திவிடக் கூடியவை. உஷ்ணத்தோடு நகரும் பூஜ்யம் மட்டுமே திருத்தத்துக்கு எளிதில் அகப்படாது. ஒரு முறை சுழற்றிப் பெற்ற எண், சூடேறிய பின் பழைய எண்ணாகிவிடுகிறது.

சில்லுக்கு வெளியேதான் பெரிய பிழைகள் காத்திருக்கின்றன. இவ்வுணரி அளப்பது தண்டின் கோணம் என்று நாம் பேச்சு வழக்கில் சொல்கிறோமே, அது உபசார வழக்கு. உள்ளபடி அது அளப்பது, தான் இருக்கும் புள்ளியில் காந்தப்புலத்தின் திசையை. தண்டுக்கும் அந்தத் திசைக்கும் இடையே வேறுபாடு நுழைய எத்தனை வாசல் உண்டோ அத்தனையும் பிழையின் வாசல்களே. காந்தத்தின் நடுப்புள்ளி தண்டின் அச்சிலிருந்தோ சில்லின் நடுவிலிருந்தோ விலகியிருந்தால், அங்கே புலத்தின் கோடுகள் சற்று வளைந்திருக்கும். விலகல் இருமடங்கானால் பிழை ஏறக்குறைய நான்மடங்காகும். அகலமான காந்தத்தை வைத்தால் நடுவில் புலம் சீராக இருக்கும் பரப்பு பெரிதாகும் என்பதனால், நூறு ரூபாய் சில்லுக்குச் செலவிடுவதிலும் பத்து ரூபாய் காந்தத்துக்குச் செலவிடுவது பல சமயம் புத்திசாலித்தனம். நானே ஒருமுறை, இப்படிப்பட்ட ஓர் அமைப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரைப் பாகை தவறுவதைக் கண்டு, கணக்கிலும் மின்சுற்றிலும் இரண்டு நாள் குற்றம் தேடினேன். காந்தத்தைத் தண்டோடு பிணைத்திருந்த எஃகுத் திருகை எடுத்துவிட்டுப் பித்தளைத் திருகைப் போட்டதும் பிழை காணாமற் போயிற்று. எஃகு புலத்தைத் தன் பக்கம் வளைத்திருந்தது. உணரி வளைந்த திசையை மிகவும் நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்நியப் புலங்களின் தொல்லை இதனினும் பெரிது. காந்தம் சில்லின் இடத்தில் 30 மில்லிடெஸ்லா புலம் எழுப்புகிறது என்று கொள்வோம். பூமியின் காந்தப்புலம் நம் பிரதேசத்தில் ஏறக்குறைய 0.04 மில்லிடெஸ்லா, அது குறுக்கே வந்தாலும் திசையைப் பத்தில் ஒரு பாகைக்கும் குறைவாகவே திருப்பும். ஆனால் மின்சார மோட்டாரால் ஓடும் காரில், 300 ஆம்பியர் ஓடும் தடித்த கம்பி ஒன்று சில்லிலிருந்து 2 சென்டிமீட்டர் தூரத்தில் போனால், அது எழுப்பும் புலம் 3 மில்லிடெஸ்லா. நமது காந்தத்தின் புலத்தில் பத்தில் ஒரு பங்கு! குறுக்கே நின்றால் திசை 5.7 பாகை திரும்பிவிடும். வலிமையைப் பற்றிக் கவலைப்படாத குணம் இங்கே காலை வாரிவிடுகிறது. வந்து சேர்ந்த புலத்தில் எவ்வளவு காந்தத்தினுடையது, எவ்வளவு கம்பியினுடையது என்று உணரிக்குத் தெரிய வழியில்லை. இரண்டும் சேர்ந்த திசையே அதற்கு உண்மை. இடம் விட்டு இடம் வைத்த ஹால் தகடுகளின் வித்தியாசத்தை எடுத்து, எங்கும் சமமாகப் பரவிய அந்நியப் புலத்தைக் கழித்துவிடும் முறைகளும், சுருள்களின் தூண்டலால் இயங்கும் உணரிகளும் இவ்விடத்தில் நம் படலங்களை முந்திவிடுகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வலுத்த காந்தத்தை வைப்பதும், இரும்புக் கூட்டால் மறைப்பதும், கம்பிகளைத் தள்ளிப் போடுவதுமே படலங்களுக்கு உள்ள பரிகாரம்.

உபயோகங்களை முழுதும் சொல்ல இடமில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1997-ல் ஸ்வீடனில் ஒரு மோட்டார்ப் பத்திரிகை, திடீரென்று எதிர்ப்படும் பிராணியைத் தவிர்க்க வளைத்து ஓட்டுவதுபோன்ற சோதனையில், புதிதாக வந்திருந்த மெர்ஸிடிஸ் ஏ-வகைக் கார் ஒன்றைக் குடைசாயச் செய்துவிட்டது. செய்தி ஐரோப்பா எங்கும் பரவ, அதுவரை விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த ஸ்திரப்படுத்தும் மின்னணு ஏற்பாட்டை அந்தச் சிறிய கார்கள் எல்லாவற்றிலும் பொருத்த நேர்ந்தது. ஓட்டுபவர் எந்தப் பக்கம் போக எண்ணுகிறார், வண்டி எந்தப் பக்கம் போகிறது என்ற இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் தனிச் சக்கரத்தைப் பிரேக் பிடிப்பது அந்த ஏற்பாடு. எண்ணத்தை அறிய ஸ்டியரிங்கின் கோணம் வேண்டும். ஸ்டியரிங்கோ ஒரு சுற்றோடு நிற்பதில்லை. இதற்குக் கண்ட வழிகளில் ஒன்று மிக அழகானது. ஸ்டியரிங் தண்டின் பெரிய பற்சக்கரம் இரண்டு சிறிய பற்சக்கரங்களைச் சுழற்றும். சிறியவை இரண்டிலும் பல்லின் எண்ணிக்கையில் வேறுபாடு ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு காந்தம், அதன் எதிரே ஒரு படல உணரி. இரண்டின் கோணங்களும் சுற்றுக்குச் சுற்று விலகிக்கொண்டே போவதால், அந்த விலகலிலிருந்து எத்தனையாவது சுற்று என்பது தெரிந்துவிடும். 1631-ல் பியேர் வெர்னியே அளவுகோலுக்குக் கண்ட அதே நியாயந்தான். மின்சாரம் அற்றுத் திரும்ப வந்தாலும், எண்ணி வைத்திருந்ததை மறந்துவிட்டேன் என்று சொல்ல இதில் இடமே இல்லை. சுருள்வட்டமாக வெட்டிய ஸ்பின் வால்வுக் கீற்றில், காந்தம் சுற்றும்தோறும் காந்த எல்லைச் சுவர் ஒன்று நுழைந்து நகரும்படி செய்து, பற்சக்கரமே இல்லாமல் சுற்றுகளை எண்ணும் உணரிகளும் இப்போது வந்துவிட்டன.

எதைத் தேர்வது என்ற கேள்விக்கு, என்னைக் கேட்டால், இப்படிச் சொல்வேன். அரைச் சுற்றுக்குள் அடங்கும் அளவைக்கும், துருவ ஜோடிகள் இரட்டைப்படையாக அமைந்த மோட்டாருக்கும் பழைய பர்மலாயே போதும். போதும் என்பது மட்டுமன்று, துல்லியத்தில் அதுவே மேல். மின்கலத்தில் ஓடும் கருவிக்கும், முழுச் சுற்றையும் சிறு இடத்தில் அறிய வேண்டிய கருவிக்கும் சுரங்கத் தடுப்புப் படலம். பெரும் மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தே தீர வேண்டுமென்றால், இரும்புக் கூட்டுக்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேறு குடும்பத்தைத் தேடுங்கள்.

இத்துறையில் புகும் இளம் இஞ்சினியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பவர் நீட்டும் தாளில் பிழை 0.1 பாகை என்று அச்சிட்டிருந்தால், அது எந்தக் காந்தத்தோடு அளந்தது, அச்சு எவ்வளவு விலகியிருந்தது, எத்தனை டிகிரி உஷ்ணத்தில் என்று மூன்றையும் கேளுங்கள். பெரும்பாலும் அது சீரான புலத்தில், தண்டே இல்லாமல், 25 டிகிரியில் சில்லை மட்டும் வைத்து அளந்த எண்ணாகத்தான் இருக்கும்.